வடிகட்டும் அட்டைக்கு ஒரே இலக்கணம் போதுமா?

நெட்வேர்க் கார்ட் என்று கடையில் கேட்டு வாங்கும் வலையமைப்பு அட்டைக்குச் சென்ற இருபது ஆண்டுகளில் மெல்ல மெல்லப் புத்தி வந்துவிட்டது. கம்பி வழியே வரும் பொதியின் தலைப்பை அது படிக்கும். வேண்டாததை நினைவகத்தைத் தொடவிடாமலே கீழே போடும். வேண்டியதை இன்ன வரிசைக்கு என்று பிரித்து, அந்த வரிசையைக் கவனிக்கும் செயலிக் கோரின் கையில் சேர்க்கும். முதல் வேலைக்கு வடிகட்டல் என்றும் இரண்டாவதற்குத் திசைப்படுத்தல் என்றும் பெயர். இந்த இரண்டையும் அட்டையிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் தகராறு. தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கட்டியிருக்கும் வன்பொருளின் மேலே, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே கட்டளை முறையை இயங்குதளம் விரிக்க முடியுமா? முடிந்தாலும் விரிக்க வேண்டுமா? இதற்குக் குறைந்தது ஐந்து விடைகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. எதுவும் மற்றதை அப்புறப்படுத்தவில்லை. ஒரே இயந்திரத்தில் மூன்று நான்கு ஒன்றாகக் குடியிருப்பதும் உண்டு.

கேள்வியின் வேர்

பொதியை வடிகட்டும் எண்ணம் அட்டையில் பிறந்ததல்ல. 1987-இல் மொகுல், ரஷீட், அக்செட்டா மூவரும் எழுதிய ஆய்வுரை, எந்தப் பொதி தனக்கு வேண்டும் என்பதைப் பயனர் நிரலே இயங்குதளத்தின் கருவான கேர்னலிடம் சொல்லும் வழி ஒன்றை முன்வைத்தது. 1993-இல் மக்கேனும் ஜேக்கப்சனும் அதைத் திருத்தி பிபிஎஃப் என்ற சிறு கற்பனைக் கணினியாக்கினார்கள். வடிகட்டியை அந்தக் கணினியின் கட்டளைகளாக எழுதிக் கொடுத்தால் கேர்னல் அதை ஓட்டும். இந்த வடிவம் நீண்டகாலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் வெளிப்படையானது. கட்டளையை நிறைவேற்றுவது பொதுப்பயன் செயலி. எதைக் கேட்டாலும் செய்யும், நேரம்தான் கூடும். ஆகவே கேட்கும் மொழியை மட்டும் தரப்படுத்தினால் போதுமாக இருந்தது.

வேகம் கூடியபோது அந்தச் சௌகரியம் போனது. 10 கிகாபிட் கம்பியில் 64 பைட்டுச் சட்டகங்கள் முட்டி மோதி வந்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பொதிகள். ஒன்றுக்குக் கிடைக்கும் அவகாசம் 67 நானோநொடி. 3 கிகாஹேர்ட்ஸ் செயலியில் அது ஏறத்தாழ 200 சுழற்சி. 100 கிகாபிட்டில் இருபதாகச் சுருங்கும். தற்காலிக நினைவகத்தில் இல்லாத ஒரு தரவுக்காகப் பிரதான நினைவகம் வரை ஒருமுறை போய்வந்தாலே அந்த இருபதைப்போல் பல மடங்கு கரைந்துவிடும். எனவே வேலையின் ஒரு பங்கு அட்டைக்கு இறங்கியது. ஆனால் அட்டை செயலியைப் போல எதற்கும் தலையாட்டாது. அதற்கு இத்தனை அட்டவணை, இத்தனை இடம், இந்தப் புலங்கள் மட்டும் என்ற வரம்புகள் சிலிக்கனில் உறைந்திருக்கின்றன. மொழி ஒன்றாக இருந்தாலும் அதைப் பேசுகிறவர்களின் திறமை ஒன்றல்ல என்ற நிலை அப்போது தொடங்கியது.

பாணகர்களும் ஏடும்

தரப்படுத்தலை எப்போது செய்வது என்ற கேள்வி கணினிக்கு வெகுமுந்தியது. மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கி, பின்னர் யாழ்ப்பாணம் வரை ஓடும் ஏ9 வீதியில், நகருக்குச் சற்று வடக்கே அலுவிகாரை இருக்கிறது. கிமு முதலாம் நூற்றாண்டில், வலகம்பா எனப்படும் வட்டகாமணி அபயன் காலத்தில், பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் ஏறிய இடம் என்று மரபு அதைச் சொல்கிறது. நிகழ்வைக் குறிப்பிடும் மகாவம்சம் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. பிற்கால நூல்களே அலுவிகாரையைச் சுட்டுகின்றன. அதுவரை நூல் தொகுதிகள் பாணகர்கள் எனப்பட்ட ஓதுநர் குழுக்களின் நினைவில் இருந்தன. ஒரு குழுவுக்கு ஒரு தொகுதி. பஞ்சமும் போரும் அவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தபோதுதான் எழுத வேண்டிய அவசரம் வந்தது என்கிறது அதே மரபு. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது விகாரையின் நூலகம் அழிந்தது.

இந்த ஒப்புமையை நீட்டி இழுக்கப்போவதில்லை. சமய நூலும் டிரைவர் நிரலும் ஒன்றல்ல. ஆனாலும் இன்றைய டிரைவர்கள் பாணகர்களைப் போலத்தான் நடந்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் தன் அட்டையின் வழக்கத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறது. அந்த வழக்கம் பொதுவான எந்த ஆவணத்திலும் முழுமையாக எழுதப்படவில்லை. அலுவிகாரையில் இன்றும் வருவோருக்கு ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணி கீறிய ஓலையில் முதலில் ஒன்றும் புலப்படாது. கரித்தூளும் எண்ணெயும் பூசித் துடைத்த பிறகே எழுத்து எழும். அட்டைக்குள் இறங்கிய விதியும் கீறியிருக்கிறது, தெரியாது. அதைத் தெரியவைக்கும் கரி எது என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

ஒருவர் சொல்ல எல்லோரும் கேட்ட கதை

ஐந்து விடைகளில் மிகத் தெளிவாக வென்றது ஒன்றே. வரும் போக்குவரத்தைப் பல கோர்களுக்குச் சமமாகப் பகிரும் அந்த முறையின் சுருக்கப்பெயர் ஆர்எஸ்எஸ். தமிழ் வாசகருக்கு அது வேறொன்றை நினைவூட்டும் என்பதால் இங்கே ஏற்புப் பரவல் என்கிறேன். மைக்ரோசொப்ட் 2006-இல் வின்டோஸ் சேர்வர் 2003-க்கான கூடுதல் இணைப்பாக இதை வெளியிட்டது. அட்டை, பொதியின் இரு முகவரிகளையும் இரு போர்ட் எண்களையும் எடுத்து, 40 பைட்டுத் திறவியுடன் டோப்ளிட்ஸ் எனும் ஹாஷ் முறையில் பிசைந்து 32 பிட் எண்ணைப் பெறும். அதன் கடைசி ஏழு பிட்டுகள் 128 கட்டங்கள் கொண்ட அட்டவணையில் ஒரு கட்டத்தைச் சுட்டும். அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கும் வரிசைக்குப் பொதி போகும். ஒரே உரையாடலில் ஒரு திசையில் வரும் பொதிகள் எப்போதும் ஒரே கோருக்கே போவதால் அவற்றின் வரிசை குலையாது.

இது ஏன் நிலைத்தது? ஏற்புப் பரவல் மிகச் சிறிய விடயத்தை மட்டும் தரப்படுத்தியது. அதைவிட முக்கியமாக, இந்தத் திறவிக்கு, இந்த முகவரிகளுக்கு, இந்த விடை வரவேண்டும் என்று சரிபார்ப்பு மாதிரிகளையும் சேர்த்து வெளியிட்டது. அட்டை செய்பவர் தன் சிலிக்கன் சரியா என்று தானே பார்த்துக்கொள்ளலாம். வின்டோஸ் சான்றிதழ் வேண்டுமானால் பார்த்தே ஆகவேண்டும். லினக்ஸ், ஃபிரீபிஎஸ்டி டிரைவர்களும் அதே ஹாஷைப் பின்பற்றியதில் வியப்பில்லை. சிலிக்கன் ஏற்கனவே அப்படித்தான் வார்க்கப்பட்டிருந்தது.

பலவீனமும் அந்தச் சிறுமையிலேயே உண்டு. ஏற்புப் பரவல் பகிரும். குறிப்பிட்ட ஒரு போக்கை, அதாவது ஒரே உரையாடலின் பொதித் தொடரை, இங்கே அனுப்பு என்று அதனிடம் சொல்ல வழியில்லை. ஒரே உரையாடலின் போகும் திசையும் வரும் திசையும் வேறு வேறு கோரில் விழலாம். கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2012-இல், திறவியில் இரு பைட்டுக் கோலம் ஒன்றைத் திரும்பத் திரும்ப இட்டால் இரு திசையும் ஒன்றாகச் சேரும் என்று காட்டினார்கள். தரத்தை மீறாமல் அதன் ஓட்டையைத் தரத்தாலேயே அடைத்த சாமர்த்தியம் அது. சுரங்கப்பாதைத் தலைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் உள்முகவரியைப் பற்றி மூல விளக்கத்தில் ஒன்றும் இல்லை. அங்கே ஆளுக்கொரு வழி.

எத்டூலும் எழுதப்படாத சட்டங்களும்

குறிப்பிட்ட போக்கைக் குறிப்பிட்ட வரிசைக்கு அனுப்புவதற்கு லினக்ஸ் தந்த கருவி எத்டூல். ஆரம்பத்திலேயே அங்கு இரட்டைப் பாதை. சன் நிறுவன அட்டைக்காக வந்த வகைப்படுத்தல் இடைமுகம் ஒன்று. இன்டெலின் 82599 சில்லுக்காக 2010-இல் சேர்ந்த என்-டியூப்பிள் இடைமுகம் இன்னொன்று. பின்னையது விரைவிலேயே கைவிடப்பட்டு முன்னையதற்குள் கரைந்தது. கரைந்தாலும் தழும்பு மிஞ்சியது. எத்டூலில் ஒரு விதியை அச்சிட்டுப் பார்த்தால், கவனிக்க வேண்டாத முகவரிக்கு நேரே மாஸ்க் 255.255.255.255 என்று காட்டும். அதாவது ஒன்று என்றால் பொருட்படுத்தாதே. கேர்னலுக்குள் அதே விதியில் ஒன்று என்றால் ஒப்பிடு. கருவி இடையில் நின்று தலைகீழாக்குகிறது. வேறு மென்பொருளிலிருந்து விதியை அப்படியே பெயர்த்து எழுதுகிறவர் பிழைவிட இதைவிட நல்ல பொறி தேவையில்லை.

ஆனால் எழுத்துவடிவக் குழப்பம் பழகப் பழகத் தீரும். ஆழமான சிக்கல் வேறு. 82599 சில்லின் ஃபுளோ டைரக்டர் பகுதி முழுப்பொருத்த விதிகளை ஏறத்தாழ 8 ஆயிரம் வரை வைத்துக்கொள்ளும். எண்ணிக்கை தாராளம். ஆனால் எந்தப் புலங்களை ஒப்பிடுவது என்ற மாஸ்க், அட்டையில் கம்பி செருகும் போர்ட் ஒன்று முழுவதற்கும் ஒன்றே. மூல முகவரி, சேருமுகவரி, இரு போர்ட் எண்கள் நான்கையும் ஒப்பிடும் முதல் விதி உள்ளே போகும். சேருமிடப் போர்ட்டை மட்டும் பார்க்கும் இரண்டாவது விதியைக் கொடுத்தால், விதியைச் சேர்க்க முடியவில்லை, செல்லாத அளவுரு என்ற பொருளில் ஒற்றை வரி திரும்பும். இரண்டாவது விதியில் பிழையே கிடையாது. தனியாகக் கொடுத்திருந்தால் அதே அட்டை மறுக்காமல் ஏற்றிருக்கும். ஒரு போர்ட்டுக்கு ஒரே மாஸ்க் என்ற உண்மைக் காரணத்தை டிரைவர் கேர்னல் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. கேட்ட நிரலுக்குக் கிடைப்பது வெறும் பிழை எண். கேட்டவரோ தன் எழுத்துப் பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்.

முன்னுரிமையும் இப்படித்தான். இரு விதிகளுக்கும் பொருந்தும் பொதி வந்தால், இட எண் குறைந்த விதியே வெல்ல வேண்டும் என்று கேர்னலின் தலைப்புக் கோப்பில் குறிப்பு இருக்கிறது. மெல்லனொக்ஸ் அட்டைகளின் எம்எல்எக்ஸ்5 டிரைவர், விதியில் எத்தனை புலங்கள் உள்ளன என்று எண்ணி, கூடுதல் புலங்கள் கொண்டதை மேல் அட்டவணையில் வைக்கிறது. குறிப்பானது பொதுவானதை வெல்லும் என்ற அந்த ஏற்பாடு நியாயமானதே. இட எண் சொல்வதோடு அது எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. ஹாஷ் அட்டவணையாகக் கட்டப்பட்ட வன்பொருளில் முதல், இரண்டாவது என்ற எண்ணமே இயல்பாக இல்லாதபோது, டிரைவர் எழுதுகிறவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

பங்கிடப்பட்ட வன்பொருள் இன்னொரு தொல்லை. இன்டெலின் அதே டிரைவர், வெளியே போகும் பொதிகளில் இருபதில் ஒன்றை எட்டிப்பார்த்து, பதில் வரும்போது அதே கோருக்கு அனுப்பும் விதியைத் தானாகவே எழுதிவிடும். பயனர் தன் விதிகளை எழுதத் தொடங்கினால் அந்தத் தானியங்கி ஓய்ந்துவிடும்; இரண்டுக்கும் அட்டவணை ஒன்றுதான். தானியங்கி முறையும் குறையற்றதல்ல. நிரல் ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு இடம் மாறும்போது பொதிகள் முன்பின்னாகலாம் என்பதை ஃபேர்மிலாப் ஆய்வாளர்கள் 2011-இல் எடுத்துக்காட்டினார்கள்.

மென்பொருளே மூலப்பிரதி

எதிர்வினையாக எழுந்த அடுத்த நிலைப்பாடு, வன்பொருளுக்கென்று தனி மொழி வேண்டாம் என்றது. கேர்னலின் மென்பொருள் வகைப்படுத்தியே மூலப்பிரதி. அட்டை அதை விரைவுபடுத்தும் நகல் மட்டும். லினக்ஸின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதியான டிசிக்குள் 2015-இல் வந்த ஃபிளவர் இந்தக் கொள்கையின் முகம். விதியை மென்பொருளில் மட்டும் வை, வன்பொருளில் மட்டும் வை, இரண்டிலும் வை என்று பயனர் சொல்லலாம். விதி உண்மையில் எங்கே இறங்கியது என்று கேர்னல் திருப்பிச் சொல்லும். இந்தத் திருப்பிச் சொல்லல் சிறிய விடயமாகத் தோன்றும். நான் பார்த்தவரை இந்த வரலாற்றின் பெரிய முன்னேற்றம் இதுதான். 2017-இல், நிரல் கேர்னலோடு பேசும் நெட்லிங்க் வழியில் பிழைக்கான காரணத்தை வாக்கியமாகவே திருப்பும் வசதி சேர்ந்தது. 2019-இல் பப்லோ நெய்ரா அயுசோ, எத்டூல் விதியையும் ஃபிளவர் விதியையும் ஒரே உள்வடிவத்துக்குக் கொண்டுவரும் பணியை முடித்தார். ஆக டிரைவர் ஒரே மொழியைப் புரிந்துகொண்டால் போதும்.

கொள்கை அழகானது. ஆனால் அதன் எல்லை சீக்கிரமே தெரிந்தது. மென்பொருளில் அர்த்தமுள்ள செயலுக்குத்தான் மென்பொருள் மூலப்பிரதி இருக்க முடியும். இந்தப் பொதியை ஏழாவது ஏற்பு வரிசைக்கு அனுப்பு என்ற கட்டளைக்கு மென்பொருளில் என்ன பொருள்? பொதி மென்பொருளுக்கு வந்து சேரும்போதே ஏதோ ஒரு வரிசையில் விழுந்துவிட்டது. 2022-இல் ஏற்பு வரிசையைத் தேர்ந்தெடுக்கும் செயல் டிசிக்குள் சேர்க்கப்பட்டபோது, அது வன்பொருளில் மட்டும் இயங்கும் என்ற நிபந்தனையோடுதான் சேர்ந்தது. மூலப்பிரதிக் கொள்கை தன் விதிவிலக்கைத் தானே எழுதிக்கொண்டது. வடிகட்டலுக்குப் பொருந்தும் தத்துவம் திசைப்படுத்தலுக்கும் அப்படியே பொருந்தாது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசும் பழக்கம் பல வாதங்களைக் குழப்பியிருக்கிறது.

கேர்னலுக்கு வெளியே, மொழிக்கும் வெளியே

கேர்னலைச் சுற்றிக் கடந்து அட்டையோடு நேரடியாகப் பேசும் டிபிடிகே நூலகம் வேறு வழி போனது. ஒவ்வொரு வகை வடிகட்டிக்கும் ஒரு தனி இடைமுகம் என்று அது சேர்த்துவைத்திருந்த குவியலை, 2017-இல் வந்த 17.02 பதிப்பின் ஆர்டிஈ ஃபுளோ ஒரே இலக்கணமாக்கியது. ஈதர்நெட், ஐபிவி4, டிசிபி என்று தலைப்புகளை மணிபோலக் கோத்து, இறுதியில் செயலை எழுதவேண்டும். எதையும் எழுதலாம், அட்டை முடியாது என்று சொல்லலாம். எழுதும் முன்பே ஏற்பாயா என்று கேட்டுப் பார்க்கும் சரிபார்ப்பு அழைப்பும் உண்டு.

வெளிப்பாட்டு வளத்தில் இதை மிஞ்சியது கேர்னல் பக்கத்தில் இல்லை. ஆனால் அதன் ஆவணத்தைப் படித்தால், ஒரே குழுவில் ஒரே முன்னுரிமையுள்ள பல விதிகள் ஒரு பொதிக்குப் பொருந்தினால் விளைவு வரையறுக்கப்படவில்லை என்று நேர்மையாகவே எழுதியிருக்கும். எந்த டிரைவர் எந்தத் தலைப்பையும் செயலையும் தாங்கும் என்பது மனிதர் படிக்கும் பெரிய அட்டவணையாகத் தொங்குகிறது. அட்டையை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் விதிகள் நிலைக்குமா என்பதை நிரலே கேட்டறியும் வழி 2021-இன் 21.11 பதிப்பில்தான் வந்தது. இலக்கணம் முதலிலும் வாக்குறுதி நான்கு ஆண்டு கழித்தும் வந்திருக்கின்றன. இந்த வரிசைமுறை தற்செயலானதல்ல என்று நினைக்கிறேன். இலக்கணம் எழுதுவது இன்பம். கடப்பாடு எழுதுவதற்குத் தயாரிப்பாளர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும்.

இதைக் கூட முயலாத இடங்களும் உண்டு. ஃபிரீபிஎஸ்டியில் செல்சியோ அட்டையின் வடிகட்டிகளுக்கு அந்த அட்டைக்கே உரிய தனிக்கருவிதான். சோலாரிஸோ குறொஸ்போ திட்டத்தின் மூலம் 2009 அளவில் போக்குகளையே நிர்வாகப் பொருளாக்கிப் பெயரிட்டு ஆளும் வசதியைத் தந்தது. அதன் எண்ணம் காலத்துக்கு முந்தியது, அதன் இயங்குதளம்தான் சந்தையில் நிற்கவில்லை.

அட்டையையே எழுதிவிடலாமே

சொற்பட்டியலைத் தரப்படுத்துவதே வீண், பட்டியல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது ஐந்தாம் நிலைப்பாடு. அதன் சான்று வலுவானது. 2009-இன் ஓபின்ஃபுளோ 1.0 பதிப்பு 12 தலைப்புப் புலங்களை அறிந்திருந்தது, 2013-இன் 1.4 பதிப்பு 41. புதிய நெறிமுறை வரும்போதெல்லாம் தரத்தைத் திறந்து மூடவேண்டியிருந்தது. 2014-இல் பி4 மொழியை முன்வைத்தவர்கள் இந்த எண்களையே காட்டி, தலைப்பை எப்படிப் பிரிப்பது, எந்த அட்டவணையில் தேடுவது என்பதையே நிரலாக எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். இன்டெலின் ஈ810 அட்டை, தன் பிரித்தறியும் பகுதியை ஏற்றக்கூடிய கோப்பாக வைத்திருப்பது இந்த எண்ணத்தின் மிதமான வடிவம். எந்தக் கோப்பை ஏற்றினோமோ அதைப் பொறுத்து அதே அட்டை கைத்தொலைபேசி வலையமைப்பின் ஜிடிபி தலைப்பைப் புரிந்துகொள்ளும், அல்லது கொள்ளாது. அட்டையின் பெயரைக் கேட்டுத் திறமையை ஊகிக்கும் காலம் அதோடு முடிந்தது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், சிக்கலைத் தீர்க்காமல் ஒரு படி மேலே தள்ளிவைப்பது. பி4 நிரல் ஒன்றை எல்லா அட்டையும் ஏற்காது. ஏற்கும் அட்டைகளிலும் எத்தனை கட்டம், எவ்வளவு நினைவகம் என்பது வேறுபடும். டிசிக்குள் பி4-ஐக் கொண்டுவரும் முயற்சி 2024-இல் கேர்னல் வலையமைப்புப் பராமரிப்பாளர்களின் கடும் ஆட்சேபத்தைச் சந்தித்தது. பயன்படுத்த யார் இருக்கிறார்கள், எந்த வன்பொருள் தயாராக இருக்கிறது என்ற கேள்விகளும் அந்த விவாதத்தில் இருந்தன.

மறுப்பும் ஒரு பதில்தான்

ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வடிவம் தெரிகிறது. ஏற்புப் பரவலைத் தவிர மற்ற நான்கும் விதியை எப்படி எழுதுவது என்பதில் பெரும் உழைப்பைச் செலவிட்டன. நடைமுறையில் இயந்திரம் தடுக்கி விழும் இடங்களோ விதியின் எழுத்துக்கு வெளியே கிடக்கின்றன. இந்த விதி ஏற்கனவே உள்ளே இருக்கும் விதிகளோடு சேர்ந்து வாழுமா? இரண்டு பொருந்தினால் எது வெல்லும்? இணைப்பு அறுந்து திரும்பினால், டிரைவர் தன்னை மீளத் தொடங்கினால், விதி அங்கேயே இருக்குமா? எதற்கும் பொருந்தாத பொதி எந்த வரிசையில் விழும்? எத்தனை பொதி இந்த விதியைத் தொட்டது என்று எண்ணிக் காட்டுமா, கீழே போட்டதை யார் கணக்கில் எழுதுவது? இவற்றுக்கு ஒரே பதில் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அட்டையும் தன் பதிலை ஒரே வடிவில் சொல்ல வேண்டும். மறுத்தால் ஏன் என்று நிரலுக்குப் புரியும்படி மறுக்க வேண்டும். தரப்படுத்தலின் முதல் உரிமை இவற்றுக்கே என்பது என் வாதம்.

பக்கத்துத் துறைகளில் இதற்கு முன்மாதிரி உண்டு. 2019-இல் வெளியான ஆர்எஃப்சி 8519, அணுகல் பட்டியல்களுக்கான தரவு மாதிரியில், ஈதர்நெட்டில் பொருத்துவேன், ஐபிவி4-இல் பொருத்துவேன் என்று கருவி தன் திறமையைப் பிரித்துப் பிரித்து அறிவிக்க இடம் வைத்திருக்கிறது. ஓயாசிஸ் அமைப்பின் வேர்ட்டியோ தரம் 2022-இன் 1.2 பதிப்பில் ஏற்புப் பரவலைச் சேர்த்தபோதும், தாங்கும் ஹாஷ் வகைகளையும் அட்டவணையின் உச்ச நீளத்தையும் கருவியே சொல்லும்படிதான் எழுதியது. லினக்ஸிலும் காற்று அந்தத் திசையில் வீசுகிறது. தனி அட்டவணை கொண்ட கூடுதல் ஏற்புப் பரவல் சூழல்களை டிரைவர்களின் நினைவில் விடாமல் கேர்னலின் மையப்பகுதியே கணக்கில் வைக்கும் மாற்றம் 2024-இல் வந்தது. அதே காலத்தில், அசல் அட்டையின் மேல் ஓடி அந்தச் சூழல்களையும் திசைப்படுத்தும் விதிகளையும் சோதிக்கும் நிரல்கள் கேர்னலோடு சேர்ந்தன. மைக்ரோசொப்டின் சரிபார்ப்பு மாதிரிகள் செய்த வேலையை இவை திறந்த வெளியில் செய்யத் தொடங்கியிருக்கின்றன.

எதிர்த்துச் சொல்லப்படுபவை

இத்தனை பாடு எதற்கு, மென்பொருளே போதுமே என்பது முதல் ஆட்சேபம். இதை அலட்சியம் செய்ய முடியாது. 2016-இல் லினக்ஸுக்கு வந்த எக்ஸ்டிபி, டிரைவரின் வாசலிலேயே நிரலை ஓட்டி, ஒரே கோரில் நொடிக்கு 2 கோடியே 40 லட்சம் பொதி வரை கையாளும் என்று 2018 ஆய்வுரை அளந்து காட்டியது. வெறுமனே கீழே போடுவதற்கு அட்டையின் உதவி பல இடங்களில் தேவையே இல்லை. ஆனால் இந்த வாதம் வடிகட்டலோடு நின்றுவிடுகிறது. திசைப்படுத்தல், பொதி எந்த நினைவகத்தில் எழுதப்படும் என்பதை முடிவுசெய்கிறது. 2024-இன் லினக்ஸ் 6.12-இல் வந்த சாதன நினைவக டிசிபி, வரும் தரவைப் பிரதான நினைவகத்தைத் தொடாமல் ஜிபியுவின் நினைவகத்திலேயே இறக்குகிறது. அதற்குரிய போக்கு மட்டும் அந்த வரிசையில் விழ வேண்டும்; மற்றவை விழக்கூடாது. எழுதி முடித்த பிறகு மென்பொருள் விழித்தெழுந்து ஆவதொன்றுமில்லை.

இரண்டாவது ஆட்சேபம் பெரிய மேகக் கணிமை நிறுவனங்களின் பக்கத்திலிருந்து வருவது. தன் அட்டையைத் தானே வடிவமைக்கிறவருக்குப் பொதுத்தரம் எதற்கு? மைக்ரோசொப்ட் அஷூர் தன் மெய்நிகர் நிலைமாற்றியின் போக்கு அட்டவணையைத் தன் அட்டைக்கே இறக்கிக்கொண்டதை 2017, 2018 ஆய்வுரைகளில் விவரித்திருக்கிறது. அங்கே பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒருவரே. அவர்களுக்குத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் உலகின் பெரும்பாலான இயந்திர அறைகள் அப்படியில்லை. பழைய 10 கிகாபிட் அட்டையும் புதிய 100 கிகாபிட் அட்டையும் ஒரே இறாக்கையில் மேலும் கீழுமாக இருக்கும் பல்கலைக்கழகத்துக்கோ சிறிய இணையச் சேவை வழங்குநருக்கோ, அட்டை மாறும்போது விதிகளைத் திரும்ப எழுதும் செலவு உண்மையான செலவு.

மூன்றாவதுதான் கடினமானது. திறமையை விவரிக்கும் மொழி, விதியை எழுதும் மொழியைவிடச் சிக்கலாகிவிடும் என்கிறார்கள். இத்தனை விதி வைப்பேன் என்ற ஒற்றை எண் பல அட்டைகளில் பொய். அகலமான விதி ஒன்று குறுகலான நான்கின் இடத்தைத் தின்னும். இந்த ஆட்சேபத்தைப் பாதி ஏற்கிறேன். முழு விவரணை கைகூடாது. அதனால்தான் முன்கூட்டிய விவரணையைவிட, மறுக்கும்போது தரும் காரணத்துக்கு அதிக எடை கொடுக்கிறேன். இடமில்லை, இந்தப் புலம் தெரியாது, இருக்கும் விதியோடு மாஸ்க் மோதுகிறது என்ற மூன்றையும் பிரித்துச் சொல்ல அட்டையின் முழு வரைபடம் வேண்டியதில்லை. 82599 டிரைவருக்கு அந்தக் காரணம் தெரிந்தே இருந்தது. சொல்வதற்கு வாய்க்கால்தான் இல்லை. எத்டூலின் பெரும்பகுதி 2020 முதல் நெட்லிங்க்குக்கு மாறிய பிறகும், இந்த விதிகள் நீண்டகாலம் பழைய ஐஓசிடிஎல் வழியிலேயே, ஒற்றைப் பிழை எண்ணோடு தங்கிவிட்டன.

இன்னும் தீராதவை

சில கேள்விகளுக்கு மேற்சொன்ன வாதமும் விடை தராது. விதிகளின் உரிமையாளர் யார் என்பது ஒன்று. ஒரே அட்டையில் கேர்னல், கொள்கலன் நிர்வாகி, தன் வரிசையைத் தானே ஆளும் நிரல் மூன்றும் விதி எழுதினால், ஒருவர் விதியை இன்னொருவர் அழிக்காமல் காக்கும் பொது ஏற்பாடு இல்லை. பல விதிகளை ஒரே கணத்தில் மாற்றுவது மற்றொன்று. பழையதை எடுத்துப் புதியதை வைக்கும் இடைவெளியில் வந்த பொதிகள் எங்கே போயின என்பதற்கு அட்டைக்கு அட்டை பதில் வேறு.

உரையாடலின் அடையாளம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி இன்னும் ஆழமானது. 2021-இல் ஆர்எஃப்சி 9000 ஆக வெளியான குவிக் நெறிமுறையில் உரையாடலின் அடையாளம் முகவரியிலும் போர்ட்டிலும் இல்லை. தொடர்பு எண் ஒன்றில் இருக்கிறது. கைத்தொலைபேசி வைஃபையிலிருந்து மொபைல் தரவுக்கு மாறினால் முகவரி மாறும், உரையாடல் தொடரும். நான்கு புலங்களைப் பிசையும் ஹாஷுக்கு அது புதிய உரையாடலாகத் தெரியும். பொதி வேறு கோரில் விழும். தொடர்பு எண்ணைப் படித்துத் திசைப்படுத்தலாம். அந்த எண்ணின் நீளத்தையும் உள்ளமைப்பையும் தீர்மானிப்பது சேவையகத்தில் ஓடும் நிரல். அதை அட்டைக்குச் சொல்ல வேண்டியது அந்த நிரலா, கேர்னலா, இடையில் நிற்கும் சுமைச் சமன்படுத்தியா என்பதில் இன்னும் ஒரு கருத்துக்கு யாரும் வரவில்லை.